"ஒரு லாக் போட்டுத் தாங்கண்ணே": மொபைல் கடையில் நான் பார்த்த பெற்றோரும் பிள்ளைகளும்

கன்னியாகுமரி மாவட்டம் மார்த்தாண்டம் பக்கத்தில் மொபைல் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். டிஸ்ப்ளே உடைந்தது, சார்ஜ் ஏறவில்லை, ஸ்பீக்கர் கேட்கவில்லை என்று வருகிறவர்கள்தான் அதிகம். 2020-ல் கொரோனாவுக்குப் பள்ளிகளை மூடி, பாடமெல்லாம் போனுக்குள் வந்த பிறகு புதிதாக ஒரு வேலையும் சேர்ந்துகொண்டது. "அண்ணே, பய எப்பப் பாத்தாலும் போன்லயே கெடக்கான். ஒரு லாக் போட்டுத் தாங்க." கேட்பது பெரும்பாலும் அம்மாமார்தான். அப்பா வளைகுடாவில் இருப்பார், கடலில் இருப்பார், இல்லையென்றால் கேரளாவில் கட்டட வேலையில் இருப்பார். எங்கள் மாவட்டத்தில் பாதி வீடுகளின் நிலை இதுதான்.

கேட்டவர்களுக்கெல்லாம் லாக் போட்டுக் கொடுத்திருக்கிறேன், இன்றைக்கும் கொடுக்கிறேன். ஆனால் "அப்பாடா, இனிக் கவலையில்ல" என்று அவர்கள் படியிறங்கிப் போகும்போது எனக்கு மனசு கேட்காது. இத்தனை வருடத்தில் என் கடைக்கு வந்த பிள்ளைகளில் வசமாகச் சிக்கியவர்கள் யாரும் பூட்டு இல்லாததால் சிக்கவில்லை. வீட்டில் போய்ச் சொல்ல முடியாததால் சிக்கினார்கள். மீண்டு வந்தவர்கள், யாரோ ஒரு பெரியவரிடம் வாய் திறந்து சொன்ன பிறகுதான் மீண்டார்கள். பெற்றோர் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் பணம் போன ஒரு கதை. குலசேகரம் பக்கமிருந்து ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகும் ஒரு அம்மா வந்தார். பேங்கில் இருந்த பணம் குறைந்துகொண்டே போகிறது, யார் எடுக்கிறார்கள் என்று தெரியவில்லை என்றார். போனை வாங்கினேன். "தொறந்து தாங்கம்மா" என்றேன். விரலை வைத்தார், திறக்கவில்லை. சேலையில் துடைத்துவிட்டு மறுபடி வைத்தார், அப்போதும் திறக்கவில்லை. விடியுமுன்னே எழுந்து வருடக்கணக்கில் வெட்டுக்கத்தி பிடித்த கை. பாலும் ஆசிடும் பட்டுப் பட்டு விரல் நுனி வழவழப்பாகிவிட்டது, ரேகையே இல்லை. ரேஷன் கடையிலும் இதே பாடுதான் என்றார். பிறகு எப்படித் திறப்பீர்கள் என்று கேட்டதற்கு, "மவன் தொறந்து தருவான்" என்றார்.

செட்டிங்கில் போய்ப் பார்த்தால் பதிந்திருந்த விரல்கள் எல்லாமே பன்னிரண்டு வயது மகனுடையவை. ரீசார்ஜ் பண்ணுவதும் அவன், கரண்ட் பில் கட்டுவதும் அவன், யுபிஐ ரகசிய எண்ணும் அவனுக்கு மனப்பாடம். அந்த வீட்டின் பேங்க் மேனேஜரே அவன்தான். கேமுக்குள் செலவழிக்கிற 'டைமண்ட்' என்ற காசை நிஜப் பணம் கொடுத்து வாங்கியிருந்தான், கொஞ்சம் கொஞ்சமாக. பேங்கிலிருந்து வந்த குறுஞ்செய்திகள் எல்லாம் ஆங்கிலத்தில் இருந்ததால் அம்மா திறந்தே பார்க்கவில்லை.

மகனின் விரல்களை நீக்கினேன். அந்த அம்மாவே மறக்காத ஒரு எண்ணைப் பூட்டாக வைத்தோம். யுபிஐ எண்ணை அவர் கையாலேயே மாற்ற வைத்தேன், நான் கூடப் பார்க்கவில்லை. பிளே ஸ்டோரில் எதை வாங்கினாலும் ஒவ்வொரு முறையும் பாஸ்வேர்டு கேட்கும்படி அமைத்துக் கொடுத்தேன். பெற்றோர் இதை வீட்டிலேயே செய்துகொள்ளலாம். பிள்ளைக்குப் போனைக் கொடுப்பதும் பேங்க் கணக்கைக் கொடுப்பதும் ஒன்றாகிவிடக் கூடாது. ஒரே போன்தான் இருக்கிறது என்றால் கட்டாயம் இந்த மாற்றங்களைச் செய்யுங்கள். பையனை அடிக்காதீர்கள் என்றும் சொல்லி அனுப்பினேன். அவன் திருடவில்லை, திறந்து கிடந்த இடத்தில் கை வைத்திருக்கிறான்.

பணம் போனால் சம்பாதித்துக்கொள்ளலாம். அடுத்துச் சொல்லப் போவது அப்படிப்பட்டது இல்லை.

அந்தப் பையனை அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றித்தான் எழுதுகிறேன். கடற்கரை ஊர்ப் பையன், பிளஸ் ஒன் படிக்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடை அடைக்கிற நேரம் பார்த்து வந்தான். "அண்ணே, ஃபுல்லா ஃபார்மேட் அடிச்சுத் தாங்க." போட்டோவெல்லாம் போய்விடுமே, பேக்கப் எடுக்கட்டுமா என்றேன். "ஒண்ணும் வேண்டாம், எல்லாம் போட்டும்." என் தொழிலில் இப்படி ஒரு பதில் வரவே வராது. எல்லோரும் முதலில் பதறுவது போட்டோவுக்குத்தான். இவன் போனைக் கண்ணாடி மேசையில் கவிழ்த்து வைத்திருந்தான். அது ஒவ்வொரு முறை அதிரும்போதும் அவன் தோள் தூக்கிப்போட்டது.

ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உட்காரச் சொன்னேன். "ஆராவது உன்ன மிரட்டுதானா மக்களே?" என்று கேட்டேன். பதில் இல்லை. கொஞ்ச நேரம் நானும் ஒன்றும் கேட்கவில்லை, கையில் இருந்த வேலையைப் பார்த்தேன். பிறகு அவனே சொன்னான்.

ஒரு செயலியில் அவன் வயதுப் பெண் என்று சொல்லிக்கொண்டு ஒரு ஆள் பழகியிருக்கிறான். பல மாதப் பழக்கம். பரீட்சைக்கு வாழ்த்து, அப்பா தங்கலுக்கு, அதாவது பல நாள் கடலில் தங்கி மீன் பிடிக்க, போயிருக்கிறாரா என்ற விசாரிப்பு, சாப்பிட்டாயா என்ற அக்கறை. எடுத்த எடுப்பில் யாரும் மிரட்டுவதில்லை, முதலில் பாசம்தான் காட்டுகிறார்கள். பிள்ளைகள் நம்புவது அதனால்தான். ஒருநாள் போட்டோ கேட்டதும் கோயில் திருவிழாவில் எடுத்ததை அனுப்பியிருக்கிறான். சாதாரணப் படம். அந்த முகத்தை எடுத்து அசிங்கமான வேறொரு படத்தில் ஒட்டி, "உன் கிளாஸ் குரூப்புக்கும் தங்கச்சிக்கும் அனுப்புவேன்" என்று அந்த ஆள் ஆரம்பித்திருக்கிறான். பையன் பயந்து அம்மா கணக்கிலிருந்து கொஞ்சம் பணம் அனுப்பினான். அனுப்பியதும் அடுத்த தொகை பெரிதானது. இந்த வகை மிரட்டலில் இது எப்போதும் நடப்பதுதான். ஒருமுறை கொடுத்தவன் மறுபடியும் கொடுப்பான் என்று அவர்களுக்குத் தெரியும்.

வீட்டில் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "அம்மைக்குத் தெரிஞ்சா செத்துருவா. அப்பா வந்தா போன ஒடச்சுருவாரு." அந்த மிரட்டல்காரன் கையில் இருந்த ஆயுதமே இந்த இரண்டு வாக்கியம்தான். படம் அவனே ஒட்டி உண்டாக்கியது. பயத்தை அவன் உண்டாக்க வேண்டியிருக்கவில்லை, அது வீட்டிலேயே இருந்தது.

ஃபார்மேட் அடிக்க மாட்டேன் என்று சொல்லி, ஏன் என்றும் சொன்னேன். ஃபார்மேட் அடித்தால் அழிவது நம் பக்கத்துச் சாட்சி மட்டும், அந்த ஆள் வைத்திருப்பது அப்படியே இருக்கும். மிரட்டிய செய்திகள், அந்தக் கணக்கின் பெயர், அதன் லிங்க், போன் நம்பர், பணம் கேட்ட யுபிஐ முகவரி, பணம் அனுப்பிய பரிவர்த்தனை எண், தேதி, நேரம் எல்லாம் தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுத்தோம். அதற்குப் பிறகுதான் பிளாக். ஒட்டிய அந்தப் படத்தை மட்டும் தொடவில்லை. பெற்றோர் இங்கே கவனமாக இருக்க வேண்டும். ஆதாரம் என்று நினைத்து அப்படிப்பட்ட படத்தைச் சித்தப்பாவுக்கும் மாமாவுக்கும் அனுப்பிவிடக் கூடாது. பதினெட்டு வயதுக்கு உட்பட்டவரின் ஆபாசப் படத்தைப் பரப்புவது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 67பி பிரிவின் கீழும், பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் கீழும் குற்றம். 2024 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அதை வைத்திருப்பதையும் பார்ப்பதையும் பற்றிக் கடுமையாகவே தீர்ப்பளித்தது. இருக்கிற போனில் இருக்கிறபடியே விட்டு, போலீஸ் கையில் கொடுப்பதுதான் சரி.

அவன் அம்மாவைக் கூப்பிடப் போகிறேன் என்றதும் அழுதான். "நீ பக்கத்துல இரி, நான் பேசிக்கிடுதேன், பயப்படாண்டாம்" என்றேன். நைட்டிக்கு மேல் துண்டைப் போட்டுக்கொண்டு ஆட்டோவில் வந்தார். நான் சொன்னதை நின்றபடியே கேட்டார். போனைப் பார்க்கவில்லை, பணம் எவ்வளவு என்று கேட்கவில்லை. "எம்புட்டு நாளா மக்கா இத மனசுல வச்சுகிட்டு இருந்த?" என்று மட்டும்தான் கேட்டார். அந்தப் பெண்மணி பள்ளிக்கூடத்தில் எவ்வளவு படித்தார் என்று எனக்குத் தெரியாது. ஆனால் இந்த விஷயத்தில் எந்தத் தாயும் தகப்பனும் பேச வேண்டிய முதல் வாக்கியம் அதுதான் என்று நினைக்கிறேன்.

அன்று இரவே 1930-க்குக் கூப்பிட்டுப் பணம் போனதைப் பதிவு செய்தார்கள். பண மோசடிக்கான எண் அது. எவ்வளவு சீக்கிரம் கூப்பிடுகிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை இடையில் நிறுத்திவைக்க வழி இருக்கிறது. மறுநாள் தாய்மாமனைக் கூட்டிக்கொண்டு நாகர்கோவில் எஸ்.பி. அலுவலகத்தில் இருக்கும் சைபர் கிரைம் பிரிவுக்குப் போனார்கள். நேரில் போக முடியாதவர்கள் சைபர்கிரைம்.ஜிஓவி.இன் என்ற மத்திய அரசின் தளத்தில் புகார் கொடுக்கலாம். பெண்கள், குழந்தைகள் சம்பந்தப்பட்ட புகாரைப் பெயர் சொல்லாமலும் அங்கே பதியலாம். ஆனால் புகார் என்ன ஆனது என்று பின்தொடர வேண்டுமானால் பெயரும் எண்ணும் கொடுத்துத்தான் பதிய வேண்டும்.

படம் பரவாமல் தடுக்க இன்னொரு வழி இருப்பதும் பலருக்குத் தெரியாது. அமெரிக்காவில் காணாமல் போன குழந்தைகளுக்காக இயங்கும் தேசிய மையம் 2023-ல் 'டேக் இட் டவுன்' என்ற இலவச சேவையைத் தொடங்கியது. பதினெட்டு வயதுக்குள் எடுத்த படமாக இருந்தால், நம் போனிலேயே அந்தப் படத்துக்கு விரல்ரேகை மாதிரி ஒரு குறியீட்டை அது உண்டாக்கும். படம் நம் போனை விட்டு எங்கும் போகாது, குறியீடு மட்டும் போகும். அதில் சேர்ந்திருக்கும் சமூக வலைத்தளங்கள் அந்தக் குறியீட்டை வைத்து, அதே படம் ஏறினால் கண்டுபிடித்து நீக்கும். போலீஸிடம் சொல்லிவிட்டு அதையும் செய்தார்கள்.

அப்பா கடலிலிருந்து கொச்சியில் கரையேறியதும் அம்மா போனிலேயே எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். "உங்க கோவத்தையெல்லாம் அங்கயே தீத்துகிட்டு வீட்டுக்கு வாங்க" என்றாராம். மனுஷன் ஒரு நாள் தாமதித்துத்தான் ஊருக்கு வந்தார். வந்து பையனை அடிக்கவில்லை. வழக்கு நடக்கிறது, அதைப் பற்றி இதற்கு மேல் நான் பேசக் கூடாது. பையன் பள்ளிக்கூடம் போகிறான்.

போக்சோ என்றால் பெண்பிள்ளைகளுக்கு மட்டும்தான் என்று இன்னமும் நினைக்கிறார்கள். 2012-ல் வந்த அந்தச் சட்டத்தில் ஆண்பிள்ளை, பெண்பிள்ளை வித்தியாசம் கிடையாது. பதினெட்டு வயதுக்கு உட்பட்ட எல்லோருக்கும் பொருந்தும். அதன் 11-வது பிரிவு, குழந்தையின் உண்மையான படத்தை மட்டுமல்ல, ஜோடித்த படத்தைக் காட்டி மிரட்டுவதையும் குற்றம் என்கிறது. ஆகவே "அது நம்ம பிள்ள இல்ல, ஒட்டு வேலைதான, விட்டுருவோம்" என்று விட வேண்டியதில்லை. தெரிந்தும் போலீஸில் சொல்லாமல் இருப்பதே அந்தச் சட்டப்படி தவறு. போலீஸ் என்றால் பிள்ளையை ஸ்டேஷனில் உட்கார வைப்பார்களே என்று பயப்படுகிறவர்கள் நிறைய. பிள்ளையின் வாக்குமூலத்தை வீட்டிலோ பிள்ளைக்குப் பிடித்த இடத்திலோ வைத்து வாங்க வேண்டும், கூடியவரை பெண் அதிகாரி வாங்க வேண்டும், அப்போது சீருடையில் இருக்கக் கூடாது, பிள்ளையை இரவில் ஸ்டேஷனில் வைக்கவே கூடாது என்று 24-வது பிரிவில் எழுதியிருக்கிறது. பெயரோ ஊரோ பள்ளியோ வெளியே வராமல் பார்த்துக்கொள்ளவும் சட்டத்தில் இடமுண்டு. இதைச் சொன்ன பிறகுதான் பல அம்மாமார் புகார் கொடுக்கவே ஒத்துக்கொள்கிறார்கள்.

"நம்ம ஊரு படிச்ச ஊரு, இதெல்லாம் பெரிய பட்டணத்துல நடக்கது" என்று சொல்வோர் உண்டு. 2011 கணக்கெடுப்பில் எழுத்தறிவில் தமிழ்நாட்டிலேயே முதலிடம் கன்னியாகுமரி மாவட்டத்துக்குத்தான். ஆனால் 2020 ஏப்ரலில் சென்னைப் பெண் மருத்துவர் ஒருவர் கொடுத்த புகாரில் கைதான இளைஞர் நாகர்கோவில்காரர். சமூக வலைத்தளத்தில் பழகி, படங்களை வைத்து மிரட்டினார் என்பது வழக்கு. அந்த மருத்துவர் ஒருவர் துணிந்து சொன்ன பிறகு மற்றப் பெண்களும் புகார் கொடுத்தார்கள். 2023 ஜூனில் நாகர்கோவில் நீதிமன்றம் அந்த இளைஞருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. படித்த பெரியவர்களுக்கே வாய் திறக்க இவ்வளவு துணிச்சல் வேண்டியிருக்கிறது என்றால் பதினாலு வயதுப் பிள்ளைக்கு எவ்வளவு வேண்டும்?

அந்தத் துணிச்சலைப் பிள்ளைக்குக் கொடுப்பதுதான் பெற்றோரின் முதல் பொறுப்பு என்று நான் சொல்வேன். கொடுப்பது எப்படி? என் மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். நானும் மனைவியும் அவளிடம் சொல்லியிருப்பது இதுதான்: "ஆரு என்ன கேட்டாலும், நீ தெரியாம என்னத்த அனுப்பியிருந்தாலும், மொதல்ல எங்கிட்ட வா. போனப் பிடுங்க மாட்டேன், ஏசவும் மாட்டேன்." ஒருமுறை சொன்னால் எந்தப் பிள்ளையும் நம்பாது. சின்ன விஷயங்களில் நாம் நடந்துகொள்வதைப் பார்த்துத்தான் நம்பும். படம் வரையக் கற்றுத் தருகிறேன் என்று தெரியாத ஒரு கணக்கிலிருந்து செய்தி வந்திருப்பதாக ஒருநாள் மகள் காட்டினாள். இரண்டு பேரும் சேர்ந்து பார்த்தோம். அந்த ஆள் வேறு யார் யாரைப் பின்தொடர்கிறான் என்று பார்த்தால் எல்லாம் பள்ளிக்கூடப் பிள்ளைகள். புகார் அழுத்தி, பிளாக் செய்துவிட்டு, போனை அவள் கையிலேயே திருப்பிக் கொடுத்தேன். சொன்னதற்குத் தண்டனை இல்லை என்று அவளுக்குப் புரிந்தது அந்த நேரத்தில்தான். பிறகு தன் சிநேகிதிக்கு வந்த ஒரு தொந்தரவையும் எங்களிடம் கொண்டுவந்தாள்.

'சொன்னால் போன் போய்விடும்' என்ற பயம் இருக்கிற வீட்டில் பிள்ளை சொல்லாது. இதை நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்.

இனி லாக் விஷயம். ஆண்ட்ராய்டு போனில் கூகுளின் ஃபேமிலி லிங்க் என்ற செயலி இலவசம். பிள்ளைக்குச் சரியான பிறந்த தேதியோடு தனிக் கணக்கு திறந்தால், எந்தச் செயலியை இறக்கினாலும் நம் போனுக்கு அனுமதி கேட்டு வரும், எத்தனை மணி நேரம் என்பதையும் நாமே வைக்கலாம். அப்பா தூரத்தில் வேலையில் இருந்துகொண்டே அனுமதி கொடுக்கலாம் என்பதால் எங்கள் ஊருக்கு ரொம்பப் பொருத்தம். பிறந்த தேதியில் பொய் சொல்லிக் கணக்கு திறக்க நாமே உதவக் கூடாது. இன்ஸ்டாகிராமில் பதினெட்டு வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கான டீன் கணக்கு 2025-ல் இந்தியாவுக்கும் வந்தது. தெரியாதவர்கள் செய்தி அனுப்ப முடியாதபடி அது தானாகவே மூடியிருக்கும். வயதைக் கூட்டிப் போட்டால் அந்தக் காவல் எதுவும் கிடையாது. வாட்ஸ்அப்பில் பிரைவசிக்குள் போய் குரூப்பில் யார் சேர்க்கலாம், புரொஃபைல் படத்தை யார் பார்க்கலாம் என்ற இரண்டையும் 'என் தொடர்புகள்' என்று மாற்றுங்கள். தெரியாத எண்ணிலிருந்து வரும் அழைப்பை ஒலிக்காமல் செய்யும் வசதியும் அங்கேயே இருக்கிறது. இரவில் எல்லோருடைய போனும் ஹாலில் சார்ஜில் கிடக்கட்டும். எங்கள் வீட்டில் என் போனும் அங்கேதான் கிடக்கும். பெரியவர்கள் கட்டிலில் படுத்துக்கொண்டு ரீல்ஸ் பார்த்தால் பிள்ளையிடம் சொல்ல வாய் இருக்காது.

பெற்றோர் வைக்கும் ஸ்டேட்டஸைப் பற்றியும் சொல்ல வேண்டும். பிள்ளை சர்ச்சில் முதல் தடவை நற்கருணை வாங்கிய புதுநன்மைப் படம், யூனிஃபார்மில் அடையாள அட்டையோடு நிற்கிற படம், வேன் நம்பர் தெரிகிற படம், "மோள் இன்னைக்கு டியூஷன் போறா" என்று ஒரு வரி. பெயர், பள்ளி, ஊர், நேரம் எல்லாம் நாமே எழுதிக் கொடுத்தாயிற்று. அந்த மிரட்டல்காரனைப் போன்ற ஒருவன் பிள்ளையிடம் "நான் உன் ஸ்கூல் அக்காவோட பிரெண்டு" என்று ஆரம்பிக்க இது போதும். சந்தோஷத்தை மறைக்கச் சொல்லவில்லை. யார் பார்க்கலாம் என்பதைச் சொந்தக்காரர்களோடு நிறுத்துங்கள், அட்டையும் வேனும் தெரியாமல் படம் எடுங்கள்.

அப்பா கடலிலோ வெளிநாட்டிலோ, அம்மா வேறு ஊரில் நர்ஸாகவோ இருக்கிற வீடுகளில் பிள்ளையைப் பார்ப்பது பாட்டிதான். அவர்களுக்குச் செயலி எதுவும் தெரிய வேண்டியதில்லை. ஒரு பாட்டி கேட்டதற்கு நான் சொன்னது: பிள்ளை திடீரென்று சோறு ஒதுக்கினால், ஆள் வந்ததும் போனைக் கவிழ்த்தால், போன் அடித்ததும் திடுக்கிட்டால், தெரியாத யாரோ வாங்கிக் கொடுத்த பொருள் கையில் இருந்தால், காசு குறைந்தால், ஏசாமல் பக்கத்தில் உட்காருங்கள், மகளுக்கு அன்றைக்கே போன் பண்ணுங்கள். மகள் எடுக்கவில்லை என்றால் 1098. குழந்தைகளுக்கான உதவி எண், காசு கிடையாது, இருபத்துநாலு மணி நேரமும் எடுப்பார்கள், பிள்ளையே கூடக் கூப்பிடலாம். அந்தப் பாட்டியின் பட்டன் போனில் இரண்டாம் எண்ணை நீளமாக அழுத்தினால் 1098 போகும்படி ஸ்பீடு டயல் போட்டுக் கொடுத்தேன். ஸ்மார்ட்போனில் லாக் போட வருகிறவர்களுக்கும் இப்போது 1098, 1930 இரண்டையும் காண்டாக்டில் சேர்த்துத்தான் கொடுக்கிறேன். அதற்குத் தனிக் காசு வாங்குவதில்லை.